பதினெட்டாவது பேட்டருக்குப் பிறகு

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். பிஸ்கட்டவேயில் தொண்ணூற்று மூன்று டிகிரி. காற்று அசையவில்லை. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மழை மட்டும் இறங்கவில்லை. மாடி ஜன்னலைச் சாத்தப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. ஜன்னலைச் சாத்த மறந்ததில் அன்று சாயங்காலம் கம்பளம் முழுக்க நனைந்து, என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். நேரமும் வானிலையும் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருக்க அதுவே காரணம்.

பேஸ்பால் கிளப்புகளின் கணக்குப் பிரிவில் இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் சேர்கிறீர்கள். உங்களில் நான்கு பேர் சென்ற மாதம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "அங்கிள், ஒரு நடுவரிசை ஸ்டார்ட்டருக்கு என்ன விலை போடுவது?" சூத்திரம் உங்களிடமே இருக்கிறது, என்னுடையதைவிட நல்ல சூத்திரம். அதனால் அதை விட்டுவிட்டு, அந்த ஜூலை மாதம் வாங்கிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் அப்பா அம்மா படித்தாலும் புரியவேண்டும் என்பதால் ஒரு பத்தி. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுகிறவர் ஸ்டார்ட்டர். ஒரு கிளப்பில் ஐந்து பேர் முறை வைத்து வீசுவார்கள். முதலாமவர் நட்சத்திரம், அவரை யாரும் விற்கமாட்டார்கள். ஐந்தாமவர் ஒட்டுப்போடுவதற்கு இருப்பவர், அவரை யாரும் வாங்கமாட்டார்கள். விற்பதும் வாங்குவதும் நடுவில் இருக்கிற இரண்டு மூன்று பேரைத்தான். அவர்களால் ஒரு கிளப் கோப்பை வாங்காது, ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் கோப்பைக்குப் பக்கத்தில்கூடப் போகமுடியாது. விலை போடக் கஷ்டமானவர்களும் ஏமாற்ற எளிதானவர்களும் இவர்களே.

நான் இருபத்திரண்டு வருடம் நியூஜெர்சியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரியாக இருந்தேன். யார் எப்போது சாவார், யார் வீடு எப்போது எரியும் என்று கணக்குப் போடும் வேலை. பிறகு ஒன்பது சீசன் ஒரு பேஸ்பால் கிளப்புக்கு. கிளப் இருந்தது வேறு மாநிலத்தில். நான் பிஸ்கட்டவேயில் என் வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்த்தேன். எந்தக் கிளப் என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள்.

போனில் எங்கள் ஜெனரல் மேனேஜர். வீரர்களை வாங்குவதும் விற்பதும் அவர் பொறுப்பு. அறுபது வயது, ஒரு காலத்தில் பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சராக ஆடியவர். வலதுகையில் மூன்று விரல்கள் மூன்று திசையில் போகும். நான் ஆக்சுவரி என்று ஒன்பது சீசனில் பதினான்கு முறை திருத்தியிருக்கிறேன். ஒரு முறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்த மாதிரி எழுதுகிறேன்.

"அக்கவுண்டன்ட், உட்கார்ந்திருக்கியா?"

"நிற்கிறேன்."

"உட்கார். மேற்குக்கரைக்காரன் அந்த வலதுகைக்காரனைத் தர்றேங்கறான். நம்ம இடதுகைப் பையன் ஒருத்தனை மட்டும் கேக்கறான்."

நான் உட்கார்ந்தேன். மாலை ஆறு மணியோடு டிரேட் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்த சீசனில் யாரும் யாருடனும் வீரர்களை மாற்றிக்கொள்ளமுடியாது. மிச்சம் இரண்டு மணி இருபது நிமிடம்.

அந்த வலதுகைக்காரருக்கு முப்பத்துநான்கு வயது. அச்சு அசலாக நடுவரிசை. அந்த வாரம் அவரைவிடக் கொஞ்சம் சுமாரான ஒருவருக்கு வேறொரு கிளப் மூன்று இளம் வீரர்களைக் கொடுத்திருந்தது. இவருக்கும் மூன்று பேரைக் கேட்டிருந்தால் சாதாரணப் பேரம் என்று விட்டிருப்பேன். ஒருவரைக் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"மலிவா இருக்கே" என்றேன்.

"அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். அவன் என்ன விலை பெறுவான்னு எனக்குச் சொல்ல வேணாம், அதைச் சொல்ல இங்கே ஆறு பேர் இருக்காங்க. ஏன் விக்கறாங்கன்னு சொல்லு. அஞ்சு மணிக்குள்ள."

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் இதே கெடுநாளில் அவர் வாங்கிய ஒருவர் மூன்றாவது ஆட்டத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், திரும்பவே இல்லை. இன்னொரு முறை அப்படி ஆனால் உரிமையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எல்லோரும் பார்ப்பதைப் பார்த்தேன், கையை. மேற்குக்கரை கிளப் அனுப்பிய மருத்துவக் கோப்பு எங்கள் டாக்டரிடம் இருந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"என் தோளைவிட நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"உங்கள் தோளில் என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ அது ஒப்பீடு இல்லையே டாக்டர்."

அவர் போனை வைத்துவிட்டார்.

சுத்தமான கோப்பு என்றால் எனக்கு இன்னும் பயம். அவருடைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். இருபத்தொரு ஆட்டம், நூற்று நான்கு இன்னிங்ஸ். எதிரணியில் மூன்று பேரை அவுட்டாக்கினால் ஓர் இன்னிங்ஸ். முதல் பதினான்கு ஆட்டங்களில் சராசரியாக ஐந்தும் மூன்றில் ஒன்றும். கடைசி ஏழில் நான்குக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஏழு ஆட்டத்திலும் அவர் சந்தித்த பேட்டர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். பதினெட்டு. பதினெட்டு. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. பதினெட்டு. பதினெட்டு.

ஒன்பது பேட்டர்கள் வரிசையாக வருவார்கள், இரண்டு சுற்று முடிந்தால் பதினெட்டு. மூன்றாம் சுற்றில் பேட்டர்கள் பந்து வீசும் பிட்சரைப் படித்துவிடுவார்கள், அடி விழும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அதனால் எடுத்துவிடுவது உண்டு. ஆனால் அதே கிளப்பில் மற்ற நால்வரும் மூன்றாம் சுற்றுக்குள் தாராளமாகப் போயிருந்தார்கள். ஒருவர் இருபத்தாறு பேரைச் சந்தித்திருந்தார். கதவு சாத்தப்பட்டது இந்த ஒருவருக்கு மட்டும். பதினெட்டாவது பேட்டருக்கு அவர் வீசிய வேகம் முதல் பேட்டருக்கு வீசிய அதே வேகம். களைப்பு இல்லை, வலி இல்லை. நன்றாக வீசிக்கொண்டிருக்கும் மனிதரை ஏழு முறை கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போயிருக்கிறார்கள்.

நாலேகாலுக்கு மழை கொட்டியது. வாசல் மணி அடித்தது. என் மனைவியின் தம்பி ஜலால். ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே ரியல் எஸ்டேட் ஆபீஸ் வைத்திருக்கிறான். எங்கள் தெருவில் வீடு காட்ட வந்தவன், தோளில் 'விற்பனைக்கு' பலகையோடு நனைந்து நின்றான்.

"கிளையன்ட் மழையைப் பார்த்து கேன்சல் பண்ணிட்டான் மச்சான். இந்த மழைக்குப் பயப்படறவன் என்னத்த மார்ட்கேஜ் கட்டுவான்? லாத்தா இல்லையா? டீ கிடைக்குமா?"

"உன் லாத்தா கிச்சன்ல இருக்கா. டீயை வாங்கிட்டு அங்கேயே குடி. எனக்கு வேலை."

டீயோடு மேலேதான் வந்தான். அவனை அனுப்பமுடியாது, அது எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அலுவலக விஷயத்தை வெளியாளிடம் சொல்லவும் கூடாது. திரையை அணைத்துவிட்டு, சும்மா இருக்கமுடியாமல் கேட்டேன்.

"ஏண்டா, ஒரு வீடு நல்லா இருக்கு. பக்கத்து வீடு போன விலையில பாதிக்குத் தர்றான். நீ என்ன பார்ப்பே?"

"எந்த ஊர்ல? யாரு விக்கறா? என்கிட்ட சொல்லாம வேற ஏஜென்ட்கிட்ட போறீங்களா மச்சான்?"

"சும்மா கேக்கறேன்டா."

"நீங்க சும்மா கேட்டதே இல்ல." சந்தேகத்தோடு என்னைப் பார்த்தான். எங்கள் குடும்பத்தில் அது தொற்று. "சரி. நீங்களா இருந்தா கூரை மேல ஏறுவீங்க, பேஸ்மென்ட்ல தண்ணி இருக்கான்னு மோந்து பார்ப்பீங்க. நான் அதெல்லாம் கடைசியிலதான் பார்ப்பேன்."

"முதல்ல?"

"ப்ராப்பர்ட்டி டாக்ஸ். நியூஜெர்சியில வேற என்ன இருக்கு? வாங்கற விலையை ஒரு தடவை கொடுத்துட்டு மறந்துடலாம். வச்சிருக்கற விலை வருஷா வருஷம் வரும். அவன் மலிவா தள்ளறான்னா வீட்டுல கோளாறு இல்ல மச்சான், அடுத்த வருஷ பில்லுல கோளாறு."

டீயைக் குடித்துவிட்டு, ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தும் என்னிடம் சொல்லாமல், போய்விட்டான்.

நான் திரையைப் போட்டேன். கையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைத் திறந்தேன். அது ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாக் கிளப்புக்கும் எல்லா வீரர்களின் ஒப்பந்தமும் தெரியும். அதில் ஒரு ஷரத்து: இந்த சீசனில் நூற்று அறுபது இன்னிங்ஸ் வீசினால் அடுத்த வருடச் சம்பளம் பதினான்கு மில்லியன் டாலர் தானாக உறுதியாகும். வீசாவிட்டால் கிளப் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வாசலைக் காட்டலாம். எங்கள் திரையில் அந்த ஷரத்துக்கு எதிரே 'நிகழ வாய்ப்புக் குறைவு' என்றிருந்தது. ஏழு ஆட்டமாக அவர் போகும் வேகத்தைப் பார்த்துத் திரை அப்படிச் சொன்னது. அந்த வேகத்தை யார் வைக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. ஷரத்து எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மிச்சம் பதினோரு ஆட்டம். பதினெட்டுப் பேரோடு நிறுத்தினால் நூற்று ஐம்பதில் நிற்பார். மற்றவர்களைப் போல வீசவிட்டால் நூற்று அறுபதைத் தாண்டுவார். மேற்குக்கரை கிளப் போட்டியிலிருந்து விழுந்த வாரமும், இந்தப் பதினெட்டுக் கணக்கு ஆரம்பித்த வாரமும் ஒன்றே. முப்பத்தைந்து வயதில் அந்த மனிதருக்கு அதற்கு மேல் யாரும் பதினான்கு மில்லியன் தரப்போவதில்லை. அவர் கடைசிப் பெரிய சம்பளம் அந்த நூற்று அறுபதில் இருந்தது.

நாலு ஐம்பதுக்கு ஜெனரல் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கை?"

"கை நல்லாயிருக்கு. அவரை இன்னிங்ஸ் சேர விடாமல் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் சுற்றைக் காட்டாததால் எண்களும் அழகாக இருக்கின்றன. ஒரே கல்யாணச் செலவில் இரண்டு கல்யாணம்."

"கெட்டிக்காரப் பயலுக" என்றார். பிறகு, "அப்போ நாமளும் அப்படியே செய்யலாமே. எதுவரைக்கும் போகவிட்டா நமக்கு ஆபத்தில்ல?"

அந்தக் கேள்விக்கு ஆக்சுவரி தேவையில்லை. "நூற்று ஐம்பத்தொன்பதும் மூன்றில் இரண்டும்" என்றேன். சொன்னவுடன் என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"எழுதி அனுப்பு."

இரண்டு விலை எழுதினேன். ஒன்று, முழுதாக வீசவிட்டால். இப்போது மூன்றாவது ஸ்டார்ட்டர் கிடைப்பார், அடுத்த வருடம் எட்டு மில்லியன் பெறுமானத்துக்குப் பதினான்கு கொடுப்போம். இரண்டு, பதினெட்டோடு நிறுத்தினால். பணம் மிச்சம், ஆனால் நாம் வாங்குவது மூன்றாவது ஸ்டார்ட்டர் அல்ல, அவரில் முக்கால்வாசி. எப்படிப் பார்த்தாலும் இடதுகைப் பையன் அதிக விலை. அவனுக்குக் கீழே ஒருவரைக் கொடுங்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் முழு ஸ்டார்ட்டர் என்று அவரிடம் சொல்லிக் கூட்டிவந்து முக்கால்வாசியாக நடத்தினால், அது என் கணக்கில் வராது.

அனுப்பிவிட்டு அஸர் தொழுதேன். தொழுகையிலும் பதினெட்டு வந்தது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு டிரேட் முடிந்தது. ஜெனரல் மேனேஜர் மேற்குக்கரைக்காரரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "பதினெட்டு." இடதுகைப் பையன் எங்களிடமே தங்கினான். கீழ்நிலை அணியில் இருந்த வேறொருவரைக் கொடுத்தோம்.

உங்களுக்கான பாடம் இதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் இந்த வேலைக்குச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள். மேற்குக்கரைக்காரர்களைச் சந்தேகப்பட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் ஆட்களைச் சந்தேகப்பட இரண்டு மாதம் கிடைத்தது.

ஐந்து நாளுக்கு ஒருமுறை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து எண்ணினேன். முதல் ஆட்டத்தில் இருபத்துமூன்று பேர். சரி, கண்துடைப்பு. இரண்டாவதில் இருபத்திரண்டு. மூன்றாவதில் பத்தொன்பது. ஆ, ஆரம்பித்துவிட்டார்கள். அன்று அவர் அடி வாங்கினார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடி வாங்கும்படி வேண்டுமென்றே கடினமான எதிரணிக்கு முன்னால் விட்டார்களோ?

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் கிளப் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கூடத்தில் அந்த வலதுகைக்காரர் என் மேசைக்கு எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார். பெரிய உருவம், மெல்லிய குரல்.

"பதினெட்டைக் கண்டுபிடிச்சது நீங்கதானாமே?"

யார் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொண்டதாகும். "எண்ணுவது என் வேலை" என்றேன்.

"என் மனைவியும் எண்ணுறா. நான் எண்ணுறதில்ல. எண்ணினா பந்து மேல போயிடுது." முட்டையைப் பிட்டார். "இங்கே என்ன நம்பர் சார்?"

"எனக்குத் தெரிந்து நம்பர் எதுவும் இல்லை."

"உங்களுக்குத் தெரிஞ்சு" என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தார். அவரும் நம்மைப் போலத்தான் என்று புரிந்தது. ஏழு ஆட்டம் காரணம் சொல்லாமல் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனால் யாரும் அப்படித்தான் ஆவார்கள்.

செப்டம்பர் கடைசி வெள்ளியன்று எங்கள் அணி போட்டியிலிருந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சீசனின் கடைசி ஆட்டம், அவருடைய முறை. அதுவரை நூற்று ஐம்பத்தைந்தும் மூன்றில் ஒன்றும். பாக்கி நான்கும் மூன்றில் இரண்டும். அதாவது பதினான்கு அவுட்.

இப்போது பாருங்கள். ஆட்டத்தில் ஜெயித்தும் பயனில்லை, தோற்றும் நஷ்டமில்லை. 'இளைஞர் ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம்' என்று சொல்லி அவரை உட்காரவைத்தால் யாரும் கேட்கமுடியாது. வீரர்கள் சங்கம் வழக்குப் போடலாம், 'வயதானவர், தோளைக் காப்பாற்றினோம்' என்று இவர்கள் சொல்வார்கள், முடிந்தது. ஓர் ஆளை மாற்றினால் பதினான்கு மில்லியன் மிச்சம். உரிமையாளரின் அலுவலகத்திலிருந்து சனிக்கிழமை எனக்கே ஒரு செய்தி வந்தது: 'நாளை இன்னிங்ஸ் நிலவரம் என்ன?' எண்ணை அனுப்பினேன். அது ஏன் வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

கடைசித் தொடர் எங்களுக்கு வெளியூர் ஆட்டம். என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவ். கிளப் ஊழியருக்கு இலவச பாஸ் உண்டு, ஆனால் பாஸ் கேட்டால் என் பெயர் பட்டியலில் ஏறும், நான் வந்தது ஜெனரல் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் ஆட்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். அதனால் என் காசில் டிக்கெட் வாங்கினேன். எங்கள் அணி உட்காரும் பக்கத்துக்கு மேலே, மைதானத்தில் அணியை நடத்தும் மேனேஜரின் முகம் தெரியும் இடமாகப் பார்த்து.

அவர் வீசத்தான் வந்தார். அதனால் என் சந்தேகம் குறையவில்லை. முழுக்க உட்காரவைத்தால் பேச்சாகும், நடுவில் எடுத்தால் ஆகாது.

இரண்டாவது இன்னிங்ஸில் தண்ணீர் வாங்க எழுந்து திரும்பினேன். எனக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெனரல் மேனேஜர். அவருக்கு மேலே கண்ணாடி அறை இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது.

"அக்கவுண்டன்ட்!"

"ஆக்சுவரி."

"பாஸ்ல உன் பேர் இல்லையே. நான் பார்த்தேன்."

"டிக்கெட் வாங்கினேன்."

"காசு கொடுத்தா? என்கிட்ட கேட்டா கொடுத்திருப்பேனே."

"கேட்டால் நான் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்குமே."

பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தேன். இவர் ஏன் இங்கே என்று யோசித்தேன். கேட்சர்கள் விரலால் பேசுகிறவர்கள். மேனேஜர் நிற்கும் இடத்திலிருந்து இந்த நாற்காலி நேராகத் தெரியும். அவர் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். மூக்கைத் தொட்டார். காதைத் தொட்டார். தொப்பியைச் சரிசெய்தார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் தொப்பி நான்கு முறை, காது இரண்டு முறை.

"வேர்க்கடலை வாங்கித் தர்றியா?" என்றார் திடீரென்று.

"நீங்கள் வாங்கமுடியாதா?"

"போன் இல்ல. இங்கே எல்லாம் போன்லதான் காசு வாங்கறான்."

"போன் எங்கே?"

"ஹோட்டல் ரூம் பெட்டகத்துல."

வேர்க்கடலை வாங்கிவந்தேன். கெடுநாளில் இரண்டு போனை இரண்டு காதில் வைத்திருப்பவர் அவர்.

"காலையில உரிமையாளர் ரெண்டு தடவை கூப்பிட்டார்" என்றார் உடைத்துக்கொண்டே. "மூணாவது தடவை எடுத்தா செய்னு சொல்லிடுவார். சொன்னா நான் செய்வேன். எனக்கும் வீட்டுக் கடன் இருக்கு. மேலே அந்த ரூம்ல உட்கார்ந்தா சுவத்துல ஒரு போன் இருக்கு, கீழே மேனேஜர் பக்கத்துல நேரா அடிக்கும். என் கை சும்மா இருக்காது. அதான் இங்கே வந்துட்டேன்."

நம்பினேன் என்று சொல்லமுடியாது. தொப்பியை மட்டும் எண்ணுவதை நிறுத்தினேன்.

ஐந்தாவது இன்னிங்ஸ். ஒரு அவுட் ஆகியிருந்தது. அதுவரை மொத்தம் பதின்மூன்று. எதிரணியில் இரண்டு பேர் ஓட்டம் எடுக்கத் தளங்களில். பதினெட்டாவது பேட்டர் முடிந்து, மூன்றாம் சுற்றின் முதல் ஆள் மட்டையோடு வந்தான், அன்று ஏற்கெனவே இரண்டு முறை அடித்தவன். இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும்.

எங்கள் மேனேஜர் படியேறி மைதானத்துக்குள் நடந்தார்.

"எடுக்கப்போகிறார்" என்றேன்.

ஜெனரல் மேனேஜரின் வளைந்த விரல்களில் வேர்க்கடலை அப்படியே இருந்தது. எங்களுக்கு நான்கு வரிசை முன்னால் ஒரு பெண் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் யார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மேனேஜர் பிட்சரிடம் ஏதோ கேட்டார். பிட்சர் ஏதோ சொன்னார். மேனேஜர் அண்ணாந்து மேலே அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்தார். நான் பார்த்தேன், சத்தியமாக. அங்கே யாரும் இல்லை. பிறகு பிட்சரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தனியாகத் திரும்பி நடந்தார்.

மூன்றாவது பந்தை அவன் ஓங்கி அடித்தான். பந்து மேலே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் வேலிக்கு இரண்டடி முன்னால் எங்கள் ஆள் கையுறைக்குள் இறங்கியது. பதினான்கு.

உள்ளூர்க் கூட்டம் 'அய்யோ' என்றது. அவ்வளவு பெரிய அரங்கத்தில் அந்த ஒரு அவுட்டுக்கு எழுந்து நின்றவர்கள் மூன்று பேர். முன்வரிசைப் பெண், வளைந்த விரல்காரர், நான். பிட்சர் அடுத்த பந்துக்குத் தயாரானார். அவர் எண்ணுவதில்லை அல்லவா?

"செலவுக் கணக்கு எழுதி அனுப்பு, டிக்கெட்டுக்கு நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் ஜெனரல் மேனேஜர், வாயில் வேர்க்கடலையோடு. "சீக்கிரம் அனுப்பு. நான் ரொம்ப நாள் கையெழுத்துப் போடமாட்டேன்."

அக்டோபர் இரண்டாம் வாரம் அவர் வேலை போயிற்று. காரணம் என்று அணியின் பேட்டிங்கைச் சொன்னார்கள். அந்த வலதுகைக்காரர் அடுத்த வருடம் சுமாராகத்தான் வீசினார். நான் எட்டு மில்லியன் என்றது சரி, பதினான்கு அதிகம். கணக்குப்படி அது நஷ்டமான டிரேட். உங்கள் சூத்திரத்தில் போட்டாலும் அப்படித்தான் வரும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சந்தேகப்படுங்கள், அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். விற்கிறவரைச் சந்தேகப்பட்ட அளவுக்கு வாங்குகிறவரையும் சந்தேகப்படுங்கள். ஆனால் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதரை முடிவுகட்டாதீர்கள். நேரில் போய், அவர் கை தெரியும் தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த டிக்கெட்டை உங்கள் காசில் வாங்குங்கள்.

நான் அந்தச் செலவுக் கணக்கை அனுப்பவே இல்லை. டிக்கெட் நூற்று முப்பத்தெட்டு, பார்க்கிங் முப்பத்தைந்து, சாலைச் சுங்கம் பதினேழு எழுபத்தைந்து, தண்ணீர் இரண்டு பாட்டில் பன்னிரண்டு, அவருக்கு வாங்கிய வேர்க்கடலை ஒன்பது ஐம்பது. ஆக, இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் இருபத்தைந்து சென்ட்.